யாருக்குமே அக்கறை இல்லையா?

கேள்வி: எனக்கு 52 வயது. ஏரல் பக்கம் ஒரு கிராமம். பள்ளி ஆசிரியை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு ராத்திரி மொட்டை மாடியில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ‘இனிமேல் இப்படி விடக்கூடாது’ என்று அப்போது ஊரே பேசியது. மூன்று மாதத்தில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். என்னால் மறக்க முடியவில்லை. புவி வெப்பமாதல் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தெரு வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஏதாவது செய்தி போடுகிறேன், ஒருத்தரும் பதில் போடுவதில்லை. யார் வீட்டிலோ பிறந்தநாள் என்றால் அறுபது வாழ்த்து வருகிறது. உலகத் தலைவர்களும் வருஷம் தவறாமல் மாநாடு கூட்டி, கைகுலுக்கிவிட்டுப் போகிறார்கள். என் கணவர், ‘உலகத்தைத் திருத்த நீ யாரு? சோத்தைப் போடு’ என்கிறார். வெள்ளத்துக்குப் பிறகு அவர் செய்த ஒரே வேலை, இன்வெர்ட்டரை மாடிக்கு மாற்றி, ஃபிரிட்ஜுக்கு அடியில் இரண்டடிக்கு மேடை கட்டியதுதான். ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் வாசலைப் பார்க்கிறேன், நெஞ்சு படபடக்கிறது. இந்த ஜனங்களை நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது. யாருக்குமே அக்கறை இல்லாதபோது நான் மட்டும் ஏன் கிடந்து மாய வேண்டும்? எனக்குத்தான் ஏதும் கோளாறா?

— ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம்.

மழைச் சத்தத்துக்கு நெஞ்சு படபடப்பதற்கும் உலகத் தலைவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பதை இரண்டு ராத்திரி பார்த்த உடம்பு அதை ஞாபகம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். சாதாரண மழையா அது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். உங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரியைவிட அதிகம். இத்தனை மாதம் கழித்தும் தூக்கம் கலைகிறது என்றால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் பார்க்கலாம். வெள்ளம், விபத்து பார்த்தவர்களுக்கு வரும் இந்த வகைப் பதற்றம் பேச்சு சிகிச்சையில் நன்றாகவே குறையும். ஊர் திருந்துகிறதா இல்லையா என்பதற்காக இது காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது ஆத்திரத்துக்கு வருவோம். ‘யாருக்குமே அக்கறை இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

2024-இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ என்ற ஆய்விதழில் ஒரு பெரிய கணக்கெடுப்பு வெளியானது. 125 நாடுகள், ஏறக்குறைய 1,30,000 பேர். கேட்டது எளிமையான கேள்வி: புவி வெப்பமாவதைத் தடுக்க மாத வருமானத்தில் நூற்றில் ஒரு பங்கு தருவீர்களா? 69 சதவீதம் பேர் தருவோம் என்றார்கள். அரசாங்கம் இன்னும் அதிகம் செய்ய வேண்டும் என்றவர்கள் 89 சதவீதம். கூடவே இன்னொன்றும் கேட்டார்கள். ‘உங்கள் நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் இப்படித் தருவார்கள் என்று நினைக்கிறீர்கள்?’ அதற்கு வந்த பதிலின் சராசரி 43. அதாவது தருவேன் என்று சொன்ன ஆளே, பக்கத்து வீட்டுக்காரர் தர மாட்டார் என்று நினைக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் இவரைப் பற்றி அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கணக்கெடுப்பில் தருவேன் என்று சொல்வதும் பையிலிருந்து எடுத்துத் தருவதும் ஒன்றில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான், அந்த 69-ஐ நானும் அப்படியே விழுங்கவில்லை. ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைப் பாருங்கள். மக்கள் தங்களைப் பற்றிக் கொஞ்சம் உயர்த்திச் சொல்லியிருக்கலாம். மற்றவர்களைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள் என்பதும் தெரிகிறதே. உங்கள் கடிதத்திலும் அதுதான் இருக்கிறது.

இந்தப் பள்ளம் எப்படி உண்டாகிறது என்பதற்கு என் துறையில் ஒரு பழைய சோதனை உண்டு. 1968-இல் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவரில் இருந்த துவாரம் வழியாக வெள்ளைப் புகை வர ஆரம்பிக்கும். தனியாக உட்கார்ந்திருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். அப்புறம் ஒரு மாணவரோடு இரண்டு நடிகர்களை உட்காரவைத்தார்கள். புகையை நிமிர்ந்து பார்ப்பது, தோளைக் குலுக்குவது, மறுபடி எழுதுவது, இவ்வளவுதான் நடிகர்களின் வேலை. இப்போது பத்துப் பேரில் ஒரே ஒருவர்தான் எழுந்தார். மற்ற ஒன்பது பேரும் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், ஜன்னலைத் திறந்துவிட்டார்கள், புகையைக் கையால் விலக்கி விலக்கிப் படிவத்தை நிரப்பினார்கள். ஆறாவது நிமிஷம் அறையில் எதுவும் சரியாகத் தெரியாத அளவு புகை. அதுவரை உட்கார்ந்திருந்தார்கள்.

நடிகர்களே இல்லாமல், ஒன்றும் தெரியாத மூன்று பேரைச் சேர்த்து உட்காரவைத்தபோதும் எட்டுக் குழுக்களில் மூன்றில்தான் ஒருவராவது எழுந்து சொன்னார். பிறகு விசாரித்தால், நீராவி என்று நினைத்தேன் என்றார்கள், ஏசியில் ஏதோ கோளாறு என்றார்கள். இரண்டு பேர், நம் வாயிலிருந்து உண்மையை வரவழைக்க விடுகிற வாயு போலிருக்கிறது என்றார்கள்! அடுத்தவர் சும்மா இருந்ததால் நானும் சும்மா இருந்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்த மாணவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்வீர்களா? தனியாக இருந்தபோது எழுந்து ஓடியவர்களும் அதே வகை ஆட்கள்தான். கூட்டத்தில் இருக்கும்போது மனிதன் புகையைப் பார்ப்பதைவிடப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தை அதிகம் பார்க்கிறான். அந்த முகம் அமைதியாக இருந்தால், ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டுகிறான். அவன் முகத்தைப் பார்த்து அடுத்தவரும் அதே முடிவுக்கு வருகிறார்.

உங்கள் தெரு வாட்ஸ்அப் குழு அப்படி ஒரு அறை. நீங்கள் செய்தி போடுகிறீர்கள். நூறு பேர் பார்க்கிறார்கள். முதல் பத்து நிமிஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால், பதினோராவது நிமிஷம் பார்ப்பவருக்கு அதுவே பதில். பிறந்தநாளுக்கு அறுபது வாழ்த்து வருவதற்குக் காரணம் கேக் மேல் இருக்கிற அக்கறை இல்லை. அங்கே என்ன சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், சொன்னால் யாரும் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

உங்கள் கணவரையே எடுத்துக்கொள்வோம். இரண்டடி மேடை கட்டிய மனிதர், வெள்ளம் மறுபடி வரும் என்று நம்புகிறார். இன்வெர்ட்டரை மாடிக்குத் தூக்கியவர் 2023-ஐ மறக்கவில்லை. பேச மட்டும் மாட்டேன் என்கிறார். தன்னால் செய்ய முடிந்ததைத் தன் வீட்டு அளவில் செய்துவிட்டு, அதற்கு மேல் இருப்பதை நினைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். பயத்தைக் கையாளும் விதத்தில் நீங்கள் இருவரும் எதிரெதிர்த் திசை. உங்களுக்குப் பேசினால் ஆறுகிறது, அவருக்குச் சிமெண்ட் குழைத்தால் ஆறுகிறது. (‘சோத்தைப் போடு’ என்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதை அவரே எழுந்து போட்டுக்கொள்ளலாம்.) ‘ஏங்க, ரெண்டடி போதுமா, மூணடி கட்டியிருக்கணுமோ?’ என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள்.

உங்கள் ஊர்ப்பக்கத்து ஜனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே டிசம்பர் 17 ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. சுற்றிலும் வெள்ளம். அவர்களுக்குச் சமைத்துப் போட்டது பக்கத்துப் புதுக்குடி மக்கள். அவர்கள் ஊரும் அதே மழையில்தான் கிடந்தது. கண் முன்னால் பசியோடு ஆள் நின்றால் அரிசியைக் கொட்டுகிற ஜனம், ‘புவி வெப்பம் 1.5 டிகிரியைத் தாண்டுகிறது’ என்றால் ஏன் கல்லாக நிற்கிறது?

இதற்கும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் செய்தது, 2007-இல் வெளியானது. ஒரு சின்ன வேலைக்குக் கூலியாக ஐந்து டாலர் கொடுத்துவிட்டு, ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கு நன்கொடை கேட்டார்கள். சிலரிடம் மாலி நாட்டில் பசியில் வாடும் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் சொன்னார்கள். அவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். சிலரிடம் எத்தனை லட்சம் பேர் பட்டினி என்ற கணக்கை மட்டும் சொன்னார்கள். 1.14 டாலர். மூன்றாவது தரப்பிடம் சிறுமியையும் சொல்லிக் கணக்கையும் சொன்னார்கள். கூடத்தானே வேண்டும்? 1.43 டாலர்தான் வந்தது. ஒரு முகத்தைப் பார்த்து இளகிய மனசு, லட்சங்களைக் கேட்டதும் ‘நம்மால் என்ன ஆகும்’ என்று பின்வாங்கிவிட்டது.

தினமும் குழுவில் என்ன போடுகிறீர்கள் என்று யோசியுங்கள். அன்டார்டிகா பனி, அமேசான் தீ, கரியமில வாயு எவ்வளவு கூடியது. எல்லாம் நிஜம்தான். படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு பிடியும் இல்லை. உங்கள் ஊர்க் குளத்தின் மறுகால் ஓடையில் உடைமரம் மண்டிக் கிடக்கிற படத்தை ஒரு நாள் போடுங்கள். ‘2023-ல தண்ணி இது வழியாப் போக முடியாமத்தான் நம்ம தெருவுக்கு வந்துச்சா? யாருக்காவது தெரியுமா?’ என்று கேளுங்கள். கேள்வியாகப் போடுவது முக்கியம். அறிவுரைக்குப் பதில் சொல்ல யாருக்கும் கை வராது, கேள்வி என்றால் ‘அட, அது அந்த மடை இல்ல, அடுத்த மடை’ என்று திருத்தவாவது நாலு பேர் வருவார்கள். அப்படி வரட்டும்.

சரி, அரசியல்வாதிகள். ஜனங்களின் மௌனத்தையும் அரசுகளின் மௌனத்தையும் நீங்கள் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். அவற்றின் வேர் வேறு வேறு. அரசு சும்மா இருப்பதில் மனசைவிடக் கணக்கு அதிகம்.

ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இருவர் அமெரிக்கத் தேர்தல் முடிவுகளையும் பேரிடர்ச் செலவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2009-இல் எழுதினார்கள். பேரிடருக்குப் பிறகு நிவாரணம் கொடுத்த ஆளுங்கட்சிக்கு ஓட்டு கூடுகிறது. பேரிடர் வருமுன் தடுக்கச் செலவு செய்த கட்சிக்கு ஓட்டு கூடவில்லை. தடுப்பில் போடும் ஒரு டாலர், பின்னால் வரவிருக்கும் நஷ்டத்தில் சுமார் 15 டாலரை மிச்சப்படுத்துகிறது என்றும் கணக்குப் போட்டார்கள். மிச்சமான அந்த 15 டாலரை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. வராத வெள்ளத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்? உங்கள் மாவட்டத்தில் கடுமையாகப் பாதித்த பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கொடுக்க வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஓட்டுக் கேட்டு வந்தவரிடம், எத்தனை குளம் தூர்வாரினீர்கள், எந்தக் கரையைப் பலப்படுத்தினீர்கள் என்று உங்கள் தெருவில் எத்தனை பேர் கேட்டார்கள்? கேட்காத கேள்விக்கு எந்த வேட்பாளரும் பதில் தயார் செய்வதில்லை.

உலக மாநாடுகளின் கதை இன்னும் மோசம். 1992-இல் ரியோவில் ஒப்பந்தம் போட்டார்கள், 1995 முதல் மாநாடு நடக்கிறது. நிலக்கரி என்ற வார்த்தை முடிவு அறிக்கையில் ஏற 2021 கிளாஸ்கோ வரை ஆனது. எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்ந்த புதைபடிவ எரிபொருளிலிருந்து விலகுவது என்ற பேச்சு ஏற 2023 துபாய் வரை ஆனது. ஏறத்தாழ 200 நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வாக்கியம் தேறும், எண்ணெய் விற்று வாழும் நாடும் அதில் ஒன்று. கிளாஸ்கோவில் நிலக்கரியை ‘கைவிடுவது’ என்றிருந்ததைக் கடைசி நேரத்தில் ‘குறைப்பது’ என்று மாற்றவைத்ததில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. வளர்ந்த நாடுகள் நூறு வருஷத்துக்கு மேல் எரித்துவிட்டு இப்போது நம்மை நிறுத்தச் சொல்வதா என்ற இந்தியாவின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லோரிடமும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது, அதனால்தான் ஒன்றும் நகர்வதில்லை.

ஆனால் ‘எதுவும் நடக்காது’ என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஓசோன் படலத்தின் கதை உங்கள் மாணவர்களுக்கே தெரிந்திருக்கும். ஃபிரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயு ஓசோனை அரிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974-இல் சொன்னார்கள். 1985-இல் அன்டார்டிகா மேல் ஓட்டை உறுதியானது. 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை. பிறகு உலகின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. மாற்று வாயு கைவசம் இருந்தது, தயாரித்த கம்பெனிகளும் சில, தோல் புற்றுநோய் என்ற பயம் ஒவ்வொரு வீட்டையும் தொட்டது. பெட்ரோல், நிலக்கரி அவ்வளவு சுலபம் இல்லை. இருந்தாலும் அந்தக் கதையில் ஒரு சின்னப் பகுதி எனக்குப் பிடிக்கும். 1978-இல் அமெரிக்க அரசு அந்த ஸ்பிரே டப்பாக்களைத் தடை செய்வதற்கு முன்பே ஜனங்கள் அவற்றை வாங்குவதைக் குறைத்துவிட்டார்கள். அரசு பின்னால்தான் வந்தது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. புவி வெப்பத்தை மொத்தமாகத் தலையில் தூக்கிக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்குப் போனைத் தடவுவதை விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் செய்தி வேண்டாம். நிலைமை காலையிலும் அப்படியேதான் இருக்கும், உங்களுக்குத் தூக்கமாவது மிஞ்சும்.

அப்புறம், குழுவில் போடுவதற்குப் பதிலாக மூன்று வீட்டுக்குப் போங்கள். யார் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். கருத்து சொல்லாதீர்கள். ‘அன்னிக்கு உங்க வீட்டுல எவ்வளவு தண்ணி வந்துச்சு?’ என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காருங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறையைக் காட்டுவார்கள், நனைந்துபோன பத்திரத்தைக் காட்டுவார்கள். மழை வந்தால் எனக்கும் தூக்கம் வராது என்று அந்த மூன்றில் ஒரு வீட்டிலாவது சொல்வார்கள் என்பது என் ஊகம். நான்கு பேர் ஒன்றாகப் புகையைப் பார்த்துவிட்டால் அறையின் கதை மாறிவிடும்.

அந்த நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு. ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கூட்டம் உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், குளத்தைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அங்கே புவி வெப்பம் பற்றிப் பிரசங்கம் வேண்டாம். மறுகால் ஓடையை வரும் ஐப்பசிக்கு முன் சுத்தம் செய்ய வேண்டும், கரையில் எந்த இடம் பலவீனம் என்று பொறியாளரை அழைத்துப் பார்க்க வேண்டும், வெள்ள எச்சரிக்கை வந்தால் எந்தப் பள்ளியைத் திறப்பது, சாவி யாரிடம் இருக்கும் என்று முடிவு செய்ய வேண்டும். இப்படி மூன்று விஷயம் போதும். மழை கூடுவதை உங்கள் ஊராட்சி தடுக்க முடியாது. அது வரும்போது தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதில் அதற்குக் கொஞ்சம் கை இருக்கிறது.

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வேண்டும், 10,000 வரை என்றால் 200. கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிற ஊர்களும் உண்டு. தீர்மானப் புத்தகத்தில் நீங்கள் சொன்னது எந்த வாசகத்தில் ஏறியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், முடிந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்தத் தீர்மான எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். பத்து ரூபாய்க் கட்டணம்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஏழு பேர்தான் வந்தார்கள் என்றாலும் எழுதுங்கள், அந்த ஏழு பேர் யார் யார் என்பதிலிருந்து அடுத்த கூட்டத்துக்கு யோசிப்போம். 14416-க்கு மட்டும் இந்த வாரமே போன் செய்துவிடுங்கள்.